ஒரு முழு, ஒரு அரை

“பேரு?”

“பொன்னாத்தாள்.”

“தகப்பனார் பேரு?”

“சென்னியப்பன்.”

“உறவு?”

“மகள்.”

“வாய்க்குள்ளயே முணுமுணுக்காதே சாமி. அங்க உக்காந்திருக்கறவங்களுக்குக் காது கேக்கோணும். மறுக்காச் சொல்லு.”

அடுப்படியில் மாவு பிசைந்துகொண்டிருந்த சௌந்திரத்தின் கை அப்படியே நின்றுவிட்டது. ஆஸ்டல்! சந்தேகமே இல்லை, ஆஸ்டல்தான். பக்கத்து வீட்டு ஆத்தாயி தன் மகனை நாமக்கல்லில் சேர்ப்பதற்கு முந்தின வாரமும் இதே கூத்துதான் நடந்தது. அங்கே போனதும் பேர் கேட்டார்கள், அப்பன் பேர் கேட்டார்கள், பையனை உள்ளே விட்டுக் கேட்டைச் சாத்திக்கொண்டார்கள். ஆத்தாயிக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை சேலம் போய்வந்ததிலிருந்தே அவள் புருசன் சென்னியப்பன் ஒரு மாதிரியாகத்தான் இருந்தான். உயிராக வைத்திருந்த லாரியை மச்சினன் அப்புசாமியிடம் ஓட்டக் கொடுத்துவிட்டான். ஆறாவது படிக்கிற மகளை, “ஒரு வாரத்துக்குப் பள்ளிக்கோடம் வேண்டாம், நானே ஊட்டுல சொல்லித்தாரேன்” என்று நிறுத்திக்கொண்டான். வாத்தியார் ஆள் மேல் ஆள் அனுப்பியும் அசையவில்லை.

அவனோ எட்டாவது வரை படித்தவன். சௌந்திரத்துக்கு ‘அ’னா கூடத் தெரியாது. எதிர்த்துப் பேச அவளிடம் என்ன இருக்கிறது? அதுவும் இரண்டு வருசத்துக்கு முன்னால் தொப்பூர் இறக்கத்தில் லாரி ஒரு சைக்கிள்காரர் மேல் ஏறியதிலிருந்து மனுசன் வாய் திறப்பதே அபூர்வம். கேஸ் என்ன ஆச்சு என்று கேட்டால், “வக்கீலு பாத்துக்குவாரு” என்பதோடு சரி.

வாரம் முழுக்க அப்பனுக்கும் மகளுக்கும் நிற்க நேரமில்லை. திங்களன்று கடிதம் எழுதுகிற பாடம். செவ்வாயன்று நாமக்கல் தபாலாபீசில் மணியார்டர் பாரம் நிரப்பும் பாடம். புதனன்று லாரிப் பட்டறைக்குக் கூட்டிப்போய், “இது நம்ம வண்டி, நம்பரை மனப்பாடம் பண்ணிக்க” என்றான். பெண்பிள்ளைக்கு எதற்கு லாரி நம்பர்? அந்தக் கூத்தையும் யாரிடம் போய்ச் சொல்ல!

வியாழனன்று மூன்று பேருமாக நாமக்கல் மலைக்கோட்டை ஏறினார்கள். மேலே உட்கார்ந்து கடலை தின்றார்கள். சென்னியப்பன் வாய்விட்டுச் சிரித்தான். அவன் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாச்சு என்று சௌந்திரத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

இன்றைக்கு வெள்ளி. இந்தப் பேர், உறவுப் பாடம். பொன்னாத்தாளுக்கோ கால் தரையில் இல்லை. புதுப் பள்ளிக்கூடம் என்று அவளும் முடிவு கட்டிவிட்டாள்.

மாவுக் கையோடு வெளியே வந்தாள் சௌந்திரம்.

“ஏனுங்க, எம்புள்ளைய உட்டுட்டு என்னால இருக்க முடியாதுங்க. கஞ்சியோ கூழோ குடிச்சுப்போட்டு இங்கயே கெடக்கட்டும்.”

“நாளைக்கு நீயும் வா. எடத்தைப் பாரு. பொறவு பேசு.”

“எத்தன நாளைக்குங்க?”

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். “ஒண்ணரை வருசம். கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள போயிரும்.”

ஒண்ணரை வருசமா! கல்நெஞ்சக்காரன், பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு வர எப்படித்தான் மனசு வந்ததோ.

சனிக்கிழமை காலை சேலம் பஸ். சென்னியப்பன் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டான்.

“நான் கூட வரலைன்னு நெனச்சுக்க சாமி. டிக்கெட்டு நீ வாங்கு. அம்மாவ நீதான் கூட்டிக்கிட்டுப் போகோணும்.”

கண்டக்டர் பக்கத்தில் வந்ததும் பொன்னாத்தாள் கணீரென்று சொன்னாள். “ஒரு முழு, ஒரு அரை, சேலம்!”

பின்னாலிருந்து அவன் தனக்குத் தனியாக ஒன்று வாங்கிக்கொண்டான். சௌந்திரம் திரும்பியே பார்க்கவில்லை.

சேலத்தில் இறங்கி, போர்டு படித்து, டவுன் பஸ் மாற்றி, இறங்க வேண்டிய இடத்தில் அம்மாவின் கையைப் பிடித்து இறக்கியதெல்லாம் பொன்னாத்தாள்தான். அப்பன் பத்தடி பின்னாலேயே வந்தான்.

எதிரே இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் மதில். பெரிய கேட்டு. காக்கி உடுப்பில் காவல்காரர். வெளியே மரத்தடியில் பெண்கள் பையும் கையுமாகக் காத்துக்கொண்டிருந்தார்கள். ஆத்தாயியும் மகனைப் பார்க்க இப்படித்தான் முறுக்குப் பையோடு போய் நிற்பாள்.

சௌந்திரம் மகளை இழுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டாள்.

“உட மாட்டேன்! என்னைய வெட்டிப் போட்டுப்போட்டு இவள உள்ள கூட்டிக்கிட்டுப் போங்க!”

மரத்தடிப் பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சென்னியப்பன் பக்கத்தில் வந்தான்.

“அம்மாளுக்கு அந்தப் போர்டைப் படிச்சுச் சொல்லு சாமி.”

பொன்னாத்தாள் நிமிர்ந்து பார்த்தாள். சத்தமாக ஆரம்பித்தவளின் குரல் பாதியிலேயே இறங்கிவிட்டது.

“மத்திய... சிறைச்சாலை... சேலம்.”

“செயிலா?” சௌந்திரம் மகளை இன்னும் இறுக்கிக்கொண்டாள். “அடப் பாவி மனுசா! பச்சப் புள்ள இது! எம்புள்ள என்னங்க தப்புப் பண்ணுனா?”

சென்னியப்பன் மகளின் தலையில் கைவைத்தான்.

“அப்பீலும் தள்ளுபடி ஆயிருச்சு சௌந்திரம். திங்கக்கிழமையிலருந்து உள்ள இருக்கப்போறது நானு.”