நட்சத்திரத்துக்கு இடைவேளை

முப்பத்தோரு வருடம் தியேட்டரில் படம் ஓட்டியவன் நான். திரையில் ஒரு தலையின் நிழல் குறுக்கே போனால், எழுந்தது யார் என்று சொல்லிவிடுவேன். ஓய்வு பெற்றபின், நட்சத்திரங்களின் வெளிச்சம் கூடிக் குறைவதைக் காட்டும் கோடுகளைப் பொதுமக்களும் கணினியில் பார்த்து உதவலாம் என்று விஞ்ஞானிகள் கேட்டதால் சேர்ந்துகொண்டேன். கோடு சற்று இறங்கினால், நட்சத்திரத்துக்குக் குறுக்கே ஒரு கிரகம் போகிறது என்று அர்த்தம். எனக்குக் கொடுத்த நட்சத்திரத்தில் பதினெட்டு நாள் இடைவெளியில் இரண்டு முறை இறங்கியது. மூன்றாம் முறையும் இறங்கினால்தான் கிரகம் என்று ஒப்புக்கொள்வோம், இல்லாவிட்டால் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவோம் என்று எழுதினார்கள்.

அடுத்த பதினெட்டாம் நாள் கோடு அசையவே இல்லை.

"போன தடவை என்ன பண்ணீங்க?" என்றாள் என் மனைவி வேதவல்லி.

"பழக்கதோஷம். 'யோவ், மறைக்காத, உக்காரு'ன்னு ஒரு சத்தம் போட்டேன்."

"அப்புறம் எப்படி எந்திரிக்கும்?"

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. தியேட்டரை இடித்தபோது கொண்டுவந்த மணியைப் பரணிலிருந்து இறக்கி, ஜன்னலோரம் வைத்து, இடைவேளைக்கு அடிப்பதுபோல் நீளமாக அடித்தேன். கோடு உடனே இறங்கியது. ஒன்று போனதும் இன்னொன்று, அதன் பின்னால் சின்னதாக இரண்டு, கடைசியில் நிதானமாக ஒரு பெரியவர். ஒன்றைத் தேடியவர்களுக்கு ஐந்து கிடைத்ததில் சந்தோஷம் தாங்கவில்லை. அவர்கள் அனுப்பிய வாழ்த்துக் கடிதத்தை வேதவல்லி தெரு முழுக்கக் காட்டினாள்.

இடைவேளை முடிந்ததற்கும் அடிக்க வேண்டுமே என்று தேடினால், மணியைக் காணோம்.

"இருக்கட்டுங்க," என்றாள் வேதவல்லி, முறுக்குப் பிழிந்துகொண்டே. "எத்தனை கோடி வருசமா உக்காந்திருந்துச்சுங்களோ. கொஞ்சம் காலாற நடக்கட்டும்."