கேட்காத காது

"வலது காதுக்கு மட்டும் மாட்டுங்க தம்பி, போதும். இடது காது போயி முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. அதுல மாட்டி ஒண்ணும் ஆகப்போறது இல்லலா" என்றாள் நவமணி.

மலேசியாவின் ஈப்போ நகரில் காதுக் கருவி பொருத்தும் நிலையம் அது. செமோரிலிருந்து மகள்தான் இருவரையும் காரில் அழைத்து வந்திருந்தாள். கணவர் உடையப்பன், யாருடைய காதைப் பற்றியோ பேச்சு நடப்பதுபோல் சுவரில் ஒட்டியிருந்த காதுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காது சோதிக்கும் பவித்ரன் பொறுமையாகச் சொன்னான். "ரெண்டு காதும் கேட்டாத்தாம்மா சத்தம் எந்தப் பக்கத்துல இருந்து வருதுன்னு தெரியும். ஒண்ணுல மட்டும் மாட்டினா, ரோட்டத் தாண்டும்போது மோட்டார் எங்கேருந்து வருதுன்னு ஐயாவுக்குப் பிடிபடாது. நாலு பேரு சேர்ந்து பேசினா வெறும் இரைச்சலாத்தான் இருக்கும். மொதல்ல ரெண்டையும் சோதிச்சிடுறேன்."

உடையப்பன் கண்ணாடி அறைக்குள் போனார். கதவு மூடிக்கொண்டது.

மகள் தினேஸ்வரி அம்மாவை வெளியே அழைத்து வந்தாள்.

"ஏம்மா தடுக்கிற? டிவி சத்தம் தாங்காம எத்தன தடவ நான் கெஞ்சியிருப்பேன். அசையாத மனுஷன் போன வாரம் தானா போன் பண்ணி, காது பாக்கணும், கூட்டிட்டுப் போன்னு சொன்னாரு. இப்ப நீ குறுக்க நிக்கிறியே."

நவமணி கைப்பையின் வாரைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தாள்.

"அப்பா காடி ஓட்டும்போது நான் எந்தப் பக்கம் உக்காருவேன்?"

"முன் சீட்டுல, அவருக்கு இடது பக்கம். அதுக்கென்ன?"

"உனக்கு மேல ஒருத்தன் பொறந்தான்ல. பதினோரு நாள் இருந்தான். அவன் போனப்புறம் வீட்டுல யாராவது அந்தப் பேச்ச எடுத்தா, உங்கப்பா தட்டத் தள்ளி வச்சிட்டு எந்திரிச்சிருவாரு. ரெண்டு நாளைக்குச் சாப்பிட மாட்டாரு. நானும் வாய மூடிக்கிட்டேன். அந்த வருஷந்தான் ஜெலாப்பாங் பேக்டரியில குழாய் வெடிச்சு இடது காது அடைச்சுப்போச்சு."

"அது தெரியும்மா."

"ஒரு நாள் தைப்பிங்லேருந்து வந்துக்கிட்டிருந்தோம். நல்ல மழை. மனசு தாங்காம பிள்ளையப் பத்திப் பேசிட்டேன். பேசினப்புறம்தான் பயம் வந்துச்சு. திரும்பிப் பாத்தா, அவரு பாட்டுக்கு ஓட்டிக்கிட்டிருக்காரு. ஒண்ணும் கேக்கல." நவமணி லேசாகச் சிரித்தாள். "அன்னையிலேருந்து எனக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் அந்தக் காதுலதான் சொல்றேன். இருந்திருந்தா இப்ப முப்பத்தோரு வயசு, என்ன வேலை பாப்பான், யாரு மாதிரி இருப்பான்னு. சில நாளு உங்கப்பாவையே ஏசுவேன். அழுவேன். முகத்துக்கு முன்னால சொன்னா அவரு ஒடைஞ்சு போயிருவாரு, தினேஸ். அந்தக் காதும் தெறந்துக்கிச்சுன்னா நான் எங்க போயிப் பேசுறது?"

தினேஸ்வரி நெருங்கி வந்தாள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பவித்ரன் கூப்பிட்டான். உள்ளே போனபோது உடையப்பனின் இரண்டு காதுகளிலும் கருவி இருந்தது. பவித்ரன் அவருக்குப் பின்னால் நின்று, இடது பக்கம் விரலை மெல்லச் சொடுக்கினான். உடையப்பன் இடது கையைத் தூக்கினார்.

நவமணி தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஒரு விஷயம்மா" என்று பவித்ரன் கணினியில் இருந்த கோடுகளைக் காட்டினான். "நீங்க சொன்ன மாதிரி இடது காது போகல. ரெண்டும் ஒரே அளவுதான் கொறைஞ்சிருக்கு. அதுவும் வயசுனால வர்ற கொறை. பழைய அடி ஏதும் இருந்தா இந்தக் கோடே வேற மாதிரி இருக்கும்."

நவமணி மெதுவாகத் திரும்பிக் கணவரைப் பார்த்தாள்.

உடையப்பன் நிமிரவில்லை. தன் கைவிரல்களைப் பார்த்தபடியே பேசினார்.

"வெடிச்சு மூணு மாசத்துலயே காது சரியாயிருச்சு மணி. அதுக்குள்ள நீ காடியில பேச ஆரம்பிச்சிருந்த. கேக்குதுன்னு சொன்னா நிறுத்திருவியேன்னு சொல்லல." இடது காதுக் கருவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "இப்ப ஒரு ஆறு மாசமா, நீ நம்ம பையனப் பத்திச் சொல்றது எதுவும் சரியாக் கேக்க மாட்டேங்குது. அதான் வந்தேன்."