மூன்று முறை படித்தவள்

தங்கை ஜன்னலோரம் சாய்ந்து நாவல் படிக்கிறாள். மாலை வெயில் பக்கத்தின் மேல் விழுந்து கிடக்கிறது. கல்லூரி மாணவியான அக்கா, தங்கையின் பள்ளிச் சீருடைக்கு இஸ்திரி போட்டபடி அவளையே பார்க்கிறாள். வளர்ந்ததும் வீட்டை விட்டுப் போகிற ஒரு பெண்ணின் கதை அது. தனக்காகவே எழுதியதென்று அக்கா மூன்று முறை படித்தவள், ஒருமுறைகூட அழுததில்லை. இந்தக் குட்டிக்கு முதல் தடவையே கண்ணீர் பொலபொலவென்று கொட்டுகிறது. அக்காவுக்கு வயிறு எரிகிறது. "ரொம்ப உருகாதடி. கடைசியில அவ திரும்பி வரவே மாட்டா," என்கிறாள், வேண்டுமென்றே. தங்கை நிமிரவில்லை. "கதைக்கா அழறேன்? 'நானும் ஒருநாள் போயிடுவேன்'னு கடைசிப் பக்கத்துல நீ பென்சில்ல எழுதி வச்சிருக்கியேக்கா." இஸ்திரிப் பெட்டி அப்படியே நிற்கிறது, சீருடை தீய்கிற வாசனை எழுகிறது.