திரும்பிப் பார்க்காமல்

"திரும்பிப் பாக்காம வெரசா நட காசி" என்றாள் பெருமாயி.

காசிநாதன் நடந்தான். வில்பட்டி மலைக் குளிரில் கிடந்த உடம்புக்குக் கடல் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. மனசு மட்டும் மரத்துக் கிடந்தது.

கடல் பாலத்தின் நுனியிலிருந்து நாலு எட்டு வைத்ததும் கீழே இறங்கும் படிக்கட்டு வந்தது.

"கடலுக்கடியில மீன் பாக்கலாம், வாங்க! உள்ள குளுகுளுன்னு இருக்கும்!" என்று ஒருவர் கூவினார்.

"பஸ்ஸுக்கு நேரம் கெடக்கும்மா. செத்த நேரம் நெழல்ல ஒக்காந்துட்டுப் போவோம்" என்றான் காசிநாதன் அம்மாவிடம்.

கீழே கண்ணாடிச் சுவரை ஒட்டி ஒரே கூட்டம்.

"அங்க பாருங்க, பச்சைப் பாசி எப்படி ஆடுது!" என்று ஒரு பெண் கைகாட்டினாள்.

"பாசி இல்ல தாயி. மப்ளரு. கொடைக்கானல் சந்தையில நான் வாங்குனது" என்றாள் பெருமாயி. குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

அப்பாவுக்குக் குளிருமே என்று அந்த மப்ளரைச் சுற்றிக் கட்டியவன் காசிநாதன்தான். சற்றுமுன் பாலத்து நுனியில் கடலில் விட்ட அஸ்திக் கலயம், கழுத்தில் மப்ளரோடு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மணலில் நிமிர்ந்து நின்றது.

"திரும்பிப் பாக்கக் கூடாதுன்னாங்களேம்மா..."

"நாம எங்கடா திரும்புனோம்? ஒங்கப்பாதான் எதுக்க வந்து ஒக்காந்திருக்காரு."