கேப்டன் அன்வர்தீன் ஓட்டாத விமானம்

ஓடுபாதையில் விமானம் வேகமெடுத்தபோது துணை விமானி ஜெசிந்தா தன் பக்கத்து வேகமானியைப் பார்த்து, "எண்பது" என்றாள். கேப்டன் அன்வர்தீனின் பக்கத்து முள் நாற்பதிலேயே நின்றிருந்தது; இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் விமானத்தை நிறுத்தியாக வேண்டும். விடியுமுன்பிருந்தே பறந்துகொண்டிருந்த அவர் ஓடுபாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எண்பது, கேப்டன்" என்று அவள் மறுபடி சொன்ன பிறகுதான் அவர் என்ஜின் விசையைப் பின்னுக்கு இழுத்தார். விமானம் குலுங்கி நின்றது.

பயணிகளை இறக்கி மண்டபத்தில் உட்காரவைத்தார்கள். வேகமானிக்குக் காற்று போகும் குழாயை அடைத்திருந்த குளவிக்கூட்டைப் பொறியாளர் எடுத்துவிட்டார்.

"அதான் கருவி சரியாயிடுச்சே சார், கிளம்புங்க" என்றார் விமான நிறுவன மேலாளர்.

"கருவி சரியாயிடுச்சு. நான் சரியாகல. ஜெசிந்தா முதல் தடவை சொன்னது எனக்குக் கேட்கவே இல்ல. வேற கேப்டனை வரவழைங்க."

"பயணிகள்கிட்ட என்ன சொல்றது?"

"நானே சொல்றேன்."

ஊழியர் வாசல் வழியாகப் போய்விடச் சொன்னார் மேலாளர். அன்வர்தீன் தொப்பியை நேராக வைத்துக்கொண்டு, காத்திருந்த கூட்டத்துக்கு நடுவே நிமிர்ந்து நடந்தார். இவரோடு பறப்பவள் நான் என்று எல்லோருக்கும் தெரியட்டும் என்பதுபோல ஜெசிந்தாவும் பக்கத்திலேயே நடந்தாள்.

ஓர் அம்மா எழுந்து வழிமறித்தார். "நீங்கதானே பைலட்? சரிபண்ணியாச்சாமே, ஏன் கிளம்பல?"

"நான்தாம்மா. ரொம்பக் களைச்சுப் போயிருக்கேன். உங்களையெல்லாம் வச்சுக்கிட்டு இப்ப நான் ஓட்டக் கூடாது."

அந்த அம்மா அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, பக்கத்து நாற்காலியிலிருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, காலியான அந்த இடத்தை அவருக்குக் காட்டினார்.