'ஒன்லி' நிற்கும் இடம்

"இது என்ன இங்கிலீஷ், காணும்?"

தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி சிற்றம்பலம் கடிதத்தைச் சின்னக் கிராணி சபாபதியின் மேசைமேல் போட்டார். தோட்டத்து ஆபீஸ் வாசலில் காத்து நின்ற கருப்பாயி, தன்னைத்தான் திட்டுகிறாரோ என்று ஓர் அடி பின்வாங்கினாள்.

"'லாரி ஒன்லி கேன் கம் ஆன் மண்டே' எண்டு எழுதியிருக்கிறீர். திங்கக்கிழமை லாரி மட்டும்தான் வரும், வேற வண்டி ஒண்டும் வராது எண்டல்லோ துரை விளங்குவார். நீர் சொல்ல வந்தது என்ன?"

"லாரி திங்கக்கிழமைதான் வர முடியும்னு..."

"அப்ப 'கேன்' முன்னுக்கு, 'கம்' பின்னுக்கு, 'ஒன்லி' ரெண்டுக்கும் நடுவில. 'வில்', 'மஸ்ட்' வந்தாலும் இதேதான். எத்தனை தரம் சொல்லுறது?"

"மாத்திடறேங்க ஐயா."

சபாபதிக்கு முகம் சுருங்கிப் போயிற்று. பத்து வருஷமாகக் கிராணி வேலை பார்க்கிறவனை, கூலிக்காரி ஒருத்தி பார்த்துக்கொண்டிருக்கும்போதா இப்படிக் கேட்பது?

அது 1931ஆம் வருஷம். ரப்பர் விலை விழுந்து கிடந்தது. பெக்கோக் என்ற ஊரை ஒட்டிய அந்தத் தோட்டத்தில், பால் வெட்ட முடியாதவர்களை இந்தியாவுக்குக் கப்பலேற்றச் சொல்லித் துரையின் உத்தரவு. யாரால் என்ன வேலை முடியும் என்று பெரிய கிராணி பட்டியல் எழுதித் தர வேண்டும்.

போன மழையில் வழுக்கி விழுந்ததிலிருந்து கருப்பாயிக்கு வலக்கை விரல்கள் மடங்குவதில்லை. வெட்டுக்கத்தி பிடிக்க வராது. நாற்றங்காலில் ரப்பர் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"ஐயா, யோங் பெங்கிலே எம்மக புஷ்பவள்ளிக்கு நிறைமாசம். தலைப்பிரசவம். மாமியா இல்லாத வீடு. புள்ளை பொறந்துட்டா நானே கப்பலேறிடுறேன். ரெண்டு மாசம் விடச் சொல்லி எழுதுங்க."

சிற்றம்பலம் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"உன்ர கை சரியாப் போச்சோ?"

"இல்லீங்க."

"பிறகென்ன? ரெண்டு மாசம் எண்டால் துரை கேக்க மாட்டார். போய் வேலையைப் பார்."

கருப்பாயி இடக்கையால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அப்புறம் போய்விட்டாள்.

ஒரு சொல் இடம் மாறினால் இந்த மனுஷருக்கு அப்படி வலிக்கிறது, ஒரு பொம்பளையை இடம் மாற்றி அனுப்புவது வலிக்கவில்லையே என்று சபாபதி நினைத்துக்கொண்டான்.

மாலையில் பட்டியலை எழுதிக் கொடுத்துவிட்டு, சிற்றம்பலம் தோட்டத்து வேலையாகச் சிகாமட்டுக்குப் புறப்பட்டார்.

"நான் வர மூண்டு நாளாகும். இதை அப்படியே டைப் அடிச்சுத் துரையிட்டக் குடும். உம்மட கைவரிசை ஒண்டும் வேண்டாம்."

பட்டியலில் மொத்தம் ஒன்பது பேர். எட்டுப் பேரை அடித்து முடித்த சபாபதி, ஒன்பதாவது வரியில் நின்றான்.

'கருப்பாயி ஒன்லி கேன் லுக் ஆஃப்டர் த நர்சரி.'

மறுபடியும் படித்தான். சிரிப்பு வந்தது. தபால் எடுக்க வந்த ஐயாசாமியைக் கூப்பிட்டான்.

"இங்கே பாரு ஐயாசாமி, பெரியவருக்கும் சறுக்குது. நாற்றங்காலைப் பாத்துக்கக் கருப்பாயியை விட்டா வேற ஆளே இல்லைன்னு எழுதி வச்சிருக்காரு. அவளாலே அந்த வேலை மட்டும்தான் முடியும்னு இல்லே எழுதணும்?"

"எனக்கென்னங்க தெரியும்? அப்படியே அடிக்கச் சொல்லிட்டுத்தானே போனாரு?"

"அடிச்சா, துரை யாரைக் கூப்பிட்டுக் கேப்பாரு? எழுதினவரையா, அடிச்சவனையா?"

"அது சரிதாங்க," என்றார் ஐயாசாமி. அவருக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

சபாபதி 'ஒன்லி'யை எடுத்து, 'கேன்' என்பதற்கும் 'லுக்' என்பதற்கும் நடுவில் வைத்து அடித்தான். தாளை மூன்று முறை சரிபார்த்தான். குற்றம் சொல்ல இடமில்லை. பெரிய கிராணியின் கையெழுத்துப் பிரதியை மட்டும் கொடுக்காமல் தன் மேசைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டான்.

சிற்றம்பலம் திரும்பி வந்தது சனிக்கிழமை. வந்தவர் உட்காரவில்லை.

"நாற்றங்காலில ஆரோ புது ஆள் நிக்குது. கருப்பாயி எங்க?"

"நேத்து ரயில்ல அனுப்பியாச்சுங்க ஐயா. ஒன்பது பேரையும் துரையே நின்னு ஏத்தி விட்டாரு."

"ஒன்பது பேரோ?"

"ஆமாங்க." சபாபதி மேசையைத் திறந்து அந்தத் தாளை எடுத்து நீட்டினான். மூன்று நாளாக இதற்காகத்தான் காத்திருந்தான். "இதிலே ஒரு சின்ன விஷயங்க. கடைசி வரியிலே 'ஒன்லி' முன்னாடி வந்துடுச்சு. நீங்க சொல்லிக் குடுத்த மாதிரி நடுவிலே போட்டுட்டேன்."

சிற்றம்பலம் தாளை வாங்கிக்கொண்டார். கடைசி வரியின்மேல் விரலை ஓட்டினார்.

"யோங் பெங்கில அந்தப் பிள்ளைக்குப் பிறந்திட்டுதோ?"

"தெரியலீங்க. யாரும் வந்து சொல்லலை."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"நீர் போட்ட இடம் சரிதான்," என்றார். "பதினெட்டு வருசத்தில நான் தெரிஞ்சு விட்ட பிழை அது ஒண்டுதான், காணும்."