நம்ம ஊர்ப் பொண்ணு

மாடி அறைக்குள் நுழைந்ததும் அகல்யா முதலில் கதவின் தாழ்ப்பாளைத்தான் இரண்டு முறை போட்டுப் பார்த்தாள். இப்போது தங்கியிருக்கும் விடுதி அறையில் அது கிடையாது.

“ஊடு சூப்பரா கீது ஆன்ட்டி. அயனம்பாக்கத்துல இந்த வாடகைக்கு வேற எங்க கிடைக்கும்? காலேஜும் பக்கம்.”

“பேச்சே சொல்லுதே, சுத்த மெட்ராஸ்!” என்று சிரித்தாள் வீட்டுக்காரி ஷோபனா. “உங்க காலேஜ்ல படிக்கிற வெளிநாட்டுப் புள்ளைங்க தெனமும் வந்து கேக்குதுங்க. அதுங்களுக்கு ஊடு குடுத்தா போலீசு, ஃபாரம்னு அலையணும், நம்மால ஆவாது. நீ நம்ம ஊர்ப் பொண்ணு, அதான் தர்றேன் கண்ணு. இந்தா சாவி. ஐடி புரூஃப் மட்டும் குடு.”

அகல்யா தயங்கித் தயங்கி அட்டையை நீட்டினாள். ஷோபனாவின் சிரிப்பு நின்றது.

“இலங்கை அகதின்னு போட்டிருக்கு? எப்போ வந்தே?”

“வரல ஆன்ட்டி. பொறந்ததே இங்க, புழல் முகாம்லதான். அந்த நாட்ட நான் பாத்ததுகூட இல்ல.”

ஷோபனா சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். அதுவரை ‘நீ, கண்ணு’ என்று பேசியவள் முதல்முறையாக மரியாதை கொடுத்தாள்.

“தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க கிளம்புங்க.”